ஜூம்ல தீட்சை, பேநவ்ல காணிக்கை - சிங்கப்பூர்ல இருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

எங்க அக்காவை ஆன்லைன்ல ஏமாத்துன குரு பேரை இங்க போடல, போலீஸ் ரிப்போர்ட் குடுத்திருக்கோம். ஆனா அதே ஆளுங்க இப்ப வேற பேர்ல ஆரம்பிச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் மனசு கேக்கல.

அக்கா இங்க யீஷூன்ல தனியா இருக்கா. 2020 சர்க்கிட் பிரேக்கர்ல, அதான் கோவிட் ஊரடங்குல, கோயில் எல்லாம் மூடிட்டாங்க, அத்தான் தவறி ஒரு வருஷம்கூட ஆகல, அந்த நேரத்துல யாரோ அனுப்புன யூடியூப் லிங்க். விடியக்காலை தியானம், காசே வேணாம். நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும், அக்கா ராத்திரி தூங்க ஆரம்பிச்சா. அப்புறம் வாட்ஸ்அப் குரூப், ஜூம்ல தனி தீட்சைக்கு 188 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முன்னோர் சாபம் கழிக்க 1,200 வெள்ளி, அப்புறம் ஊர்ல ஆசிரமம் கட்டுறோம்னு மாசாமாசம். எல்லாமே பேநவ்ல (போன் நம்பரை வெச்சே பேங்க்ல இருந்து காசு அனுப்புற வசதி), ஒரு தனி ஆளோட ஹேண்ட்போன் நம்பருக்கு. ரசீதுன்னு ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது. "குரு தொட்ட ருத்ராட்சம்"னு தபால்ல ஒண்ணு வந்துச்சு, கையில வாங்கிப் பாத்தேன், ஓட்டை ஓரமா அச்சுல வார்த்த கோடு ஓடுது. பிளாஸ்டிக்.

எனக்கு இதுல ரொம்ப பயமா இருக்கிறது காசு விஷயம் இல்ல. குரூப்ல அட்மின் மட்டும்தான் எழுத முடியும், மெசேஜ் எல்லாம் 24 மணி நேரத்துல தானா அழிஞ்சிடும், ஜூம்ல எல்லாரும் மியூட், சேட் ஆஃப். அனுபவத்தை இன்னொரு சிஷ்யர்கிட்ட சொன்னா பலன் போயிடும்னு வேற சொல்லி வெச்சிருந்தாங்க. ஆக நூத்துக்கணக்கான பேர் ஒரே முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. தேக்கா மார்க்கெட்ல ஒரு அம்மா கையில, அந்தக் கூட்டம் அக்காவுக்குக் குடுத்த அதே மஞ்சள் கயிறைப் பாத்து அக்கா பேச்சு குடுத்தப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு. "உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் கனவுல உத்தரவு வந்திருக்கு"ன்னு அந்தம்மாகிட்டயும் வார்த்தை மாறாம சொல்லியிருக்காங்க! ரெண்டு பேரும் சேர்ந்து கணக்கு கேட்டாங்க, கொஞ்ச நாள்ல வீடியோ, குரூப், நம்பர் எதுவும் இல்ல.

இது நம்மகிட்ட மட்டும் நடக்கிறதும் இல்ல. அமெரிக்காவுல ஹெவன்ஸ் கேட்னு ஒரு கூட்டம், மத்தவங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுத்து சம்பாதிச்சாங்க, தங்களோட போதனையையும் நெட்லயே போட்டாங்க, 1997 மார்ச்ல 39 பேர் ஒண்ணா உயிரை விட்டாங்க. லவ் ஹாஸ் வொன்னு இன்னொண்ணு, ஏமி கார்ல்சன்ங்கிறவங்களைத் தெய்வத் தாய்னு சொல்லி லைவ் வீடியோ போட்டு பொருள் வித்தாங்க, 2021 ஏப்ரல்ல கொலராடோவுல ஒரு வீட்டுல அந்தம்மாவோட உடலைப் போலீஸ் கண்டெடுத்துச்சு, சிஷ்யர்கள் அடக்கம்கூடப் பண்ணாம வெச்சிருந்தாங்க. இங்க சிங்கப்பூர்லயே தன்னைத் தெய்வம்னு சொல்லி பக்தர்களை ஏமாத்திக் கொடுமைப்படுத்துன ஒரு பெண்ணுக்கு 2024-ல பத்து வருஷத்துக்கு மேல ஜெயில் குடுத்தாங்க. படிச்சவங்களும்தான் மாட்டியிருக்காங்க, அதனால உங்க வீட்டுல யாராவது சிக்கியிருந்தா திட்டாதீங்க, திட்டினா அவங்க இன்னும் அந்தப் பக்கம்தான் போவாங்க.

வெளிநாட்டு தர்ம காரியத்துக்குன்னு இங்க பொதுமக்கள்கிட்ட நிதி திரட்ட அறநிறுவன ஆணையரோட பெர்மிட் வேணும், கேளுங்க, காட்டச் சொல்லுங்க. சந்தேகம்னா மோசடி பத்தி கேக்குற உதவி எண் 1799-க்கு போன் பண்ணுங்க. ஏற்கெனவே காசு குடுத்தவங்க கோபத்துல குரூப்பை விட்டு வெளிய வந்துடாதீங்க, முதல்ல மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, பேநவ் அனுப்பும்போது தெரியிற பேரையும் சேர்த்து. அக்காகிட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்தான் மிஞ்சுச்சு, மெசேஜ் ஒண்ணுகூட இல்ல, போலீஸ்ல முதல்ல கேட்டதே அதைத்தான். மஞ்சள் கயிறு, 188 வெள்ளி தீட்சைன்னு உங்களுக்கும் நடந்திருந்தா எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, எங்க ரிப்போர்ட்டோட விவரத்தைத் தர்றேன்.