கார்வை அறிந்த கைகள்: ஃப்ரீ குழுவின் ‘ஃபயர் அண்ட் வாட்டர்’

பிரிட்டிஷ் ராக் குழுவான ஃப்ரீயின் மூன்றாவது ஆல்பமான ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ இசைத்தட்டை வாங்குபவர்களில் பலர், அதன் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் உள்ள ‘ஆல் ரைட் நவ்’ பாடலுக்காகவே வாங்குவார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆயினும் ஒரு முறையேனும் பாடகரையும் கிட்டாரையும் சற்று ஒதுக்கிவிட்டு, டிரம்ஸ் கலைஞர் சைமன் கிர்க்கின் மீது மட்டும் செவியை வைத்துக் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன்.

1968இல் லண்டனில் தொடங்கிய இக்குழுவுக்கு, பிரிட்டிஷ் ப்ளூஸின் மூத்த கலைஞரான அலெக்சிஸ் கார்னர் பெயர் சூட்டினார். கிர்க்கும் கிட்டார் கலைஞர் பால் காசாஃபும் பிளாக் கேட் போன்ஸ் என்ற ப்ளூஸ் குழுவிலிருந்து வந்தவர்கள். பாடகர் பால் ராட்ஜர்ஸும், சேரும்போது 15 வயதே ஆகியிருந்த பேஸ் கிட்டார் கலைஞர் ஆண்டி ஃப்ரேசரும் அவர்களோடு இணைந்தனர். 1970 ஜூனில் ஐலண்ட் நிறுவனம் இந்த ஆல்பத்தை வெளியிட்டபோது நால்வரில் எவருக்கும் 21 வயது நிறைந்திருக்கவில்லை என்பதை, இதிலுள்ள நிதானத்தைக் கேட்ட பிறகு நம்புவது கடினம்.

ஜிஞ்சர் பேக்கர், ஜான் பானம் போன்ற டிரம்ஸ் கலைஞர்கள் நீண்ட தனி ஆவர்த்தனங்களால் மேடையை ஆண்ட காலம் அது. அப்போது கிர்க் தேர்ந்தெடுத்தது வேறு வழி: நம் இசைக்காரர்கள் கார்வை என்று சொல்லும் அந்த இடைவெளியை அவர் நிரப்பாமல் விட்டுவைக்கிறார். ‘ஆல் ரைட் நவ்’ பாடலின் சரணங்களில் பேஸ் கிட்டாரே கிடையாது. காசாஃபின் நறுக்கான கிட்டார் வீச்சுகளுக்கும் ராட்ஜர்ஸின் குரலுக்கும் கீழே டிரம்ஸ் மட்டுமே தரையாக நிற்பதால்தான், பல்லவியில் ஃப்ரேசர் நுழையும் கணத்தில் பாடல் திடீரென இரு மடங்கு கனக்கிறது. தனிப்பாடலாக வெளியானபோது சுருக்கப்பட்ட இப்பாடல் இந்த ஆல்பத்தில் ஐந்தரை நிமிடம் முழுமையாக ஒலிக்கிறது. தொகுப்பு ஆல்பங்களை விட்டு இதை வாங்குவதற்கு அதுவே போதிய காரணம். ‘மிஸ்டர் பிக்’ இன்னும் மேலானது: ஃப்ரேசரின் பேஸ் மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறும்போது, கூடவே ஓடத் தூண்டும் ஆசைக்கு இடங்கொடாமல் கிர்க் காலப்பிரமாணத்தைப் பிடித்து நிற்கிறார்.

குறைகளும் உண்டு. ஏழே பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடங்கள். அவற்றுள் ‘டோன்ட் சே யூ லவ் மீ’ தேவைக்கு மேல் இழுபடுகிறது. ‘ரிமெம்பர்’ கேட்க இனியது, அவ்வளவே.

குழு 1971இல் பிரிந்து, அடுத்த ஆண்டு மீண்டும் கூடி, 1973இல் முற்றிலும் கலைந்தது. காசாஃப் 1976இல் தம் 25ஆம் வயதில் இறந்தார். கிர்க்கும் ராட்ஜர்ஸும் தொடங்கிய பேட் கம்பெனி என்ற குழுவின் முதல் ஆல்பம் 1974இல் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. புகழும் அரங்குகளும் பெருகிய பின்னும் கிர்க்கின் கை மாறவில்லை என்பதை அதில் கேட்கலாம். எனினும் தொடங்க வேண்டிய இடம் இந்த இசைத்தட்டுதான், அதுவும் முதல் பக்கத்தின் முதல் பாடல். பாடலின் முடிவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிர்க்குக்குத் தனியே வாசிக்கச் சிறிது இடம் கிடைக்கிறது. அதையும் ஒலிப்பதிவு மெல்ல மங்கச் செய்துவிடுகிறது.