ரெண்டாவது பிபிஎஃப் கணக்கு: 66,978 ரூபாய் போச்சு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் நின்னு படிங்க. எங்க அக்கா ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த பணத்துல இந்த வாரம் 66,978 ரூபாய் போயிடுச்சு.

அக்காவுக்கு மஞ்சக்குப்பம் போஸ்ட் ஆபீஸில் ஏற்கெனவே பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி, அரசோட நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்) கணக்கு இருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் 5-க்குள்ள முழுசா 1,50,000 கட்டிடுவாங்க. 5-ஆம் தேதி தாண்டினா அந்த மாச வட்டி கிடைக்காது. 2022-ல் எஃப்டி புதுப்பிக்கப் புதுச்சேரியில் ஒரு தனியார் வங்கிக் கிளைக்குப் போனப்போ, கவுன்ட்டர்ல இருந்த பையன், "போஸ்ட் ஆபீஸ் வேற, பேங்க் வேற மேடம். இங்க தனியா இன்னொரு ஒன்றரை லட்சம் போடலாம்"னான்.

"ரூல்ல இடம் இருக்கா தம்பி?"

"நான் சொல்றேன்ல மேடம்."

போனை வாங்கி அவனே தட்டினான். 'எனக்கு வேறு பிபிஎஃப் கணக்கு இல்லை'ங்கிற உறுதிமொழிக்கு டிக் போட்டதும் அவன்தான். அக்கா ஓடிபி மட்டும் சொன்னாங்க.

ஒரு ஆளுக்கு ஒரு பிபிஎஃப்தான். எத்தனை இடத்துல கட்டினாலும் வருஷ உச்சவரம்பு மொத்தமா 1,50,000. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ரெண்டாவது கணக்குப் பணத்தை உச்சவரம்புக்கு உட்பட்டுதான் முதல் கணக்கோட சேர்ப்பாங்க. மிச்சம் வட்டியில்லாமத் திரும்பும். அக்காவோட முதல் கணக்கு எல்லா வருஷமும் நிறைஞ்சிருந்ததால சேர்க்க இடமே இல்லை. 7.1 சதவீதத்துல ஏறியிருந்த 10,650, 22,056, 34,272 மூணு வரவும் பாஸ்புக்ல அப்படியே இருக்கு. அதுக்குக் கீழ ஒரே வரியில் 66,978 பற்று. மூணு வருஷம் போட்ட 4,50,000 மட்டும் கைக்கு வந்துச்சு.

கேட்கப் போனா முதல் நாள் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்". அடுத்த நாள் "அந்தப் பையன் விழுப்புரம் மாறிப் போயிட்டான்". மூணாவது தடவை, "டிக் நீங்கதானே போட்டீங்க மேடம்?" அறுபதை நெருங்குற பொம்பளையை நிக்க வெச்சே இந்தப் பதில். 66,978 ரூபாய் அவங்களுக்குச் சில்லறையா இருக்கலாம், அக்காவுக்கு அது பல மாச மருந்துச் செலவு.

என்ன செய்யணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்போ முடியலை. அவசரமா இவ்வளவுதான்:

ரெண்டு பிபிஎஃப் இருந்தா ரெண்டாவதுல இனி ஒரு ரூபாய் கட்டாதீங்க. ரெண்டு பாஸ்புக்கையும் எடுத்துட்டுப் போய் ஒண்ணாக்க எழுத்துல மனு கொடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. உங்க கணக்குல ஏதாவது ஒரு வருஷம் வரம்புக்குக் கம்மியா கட்டியிருந்தா அந்த அளவு பணத்துக்காவது வட்டி தப்பும். பிள்ளை பேர்ல நீங்க கட்டுற பிபிஎஃப்பும் அதே ஒன்றரை லட்சத்துக்குள்ளதான். பிபிஎஃப்போட, சம்பளத்துல பிடிக்கிற பிஎஃப், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இதெல்லாம் இருந்தா அது தப்பில்லை, குழப்பிக்காதீங்க.

வங்கிக்குப் புகாரை எழுத்துல கொடுத்துட்டு 30 நாள் பாருங்க. பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட (வங்கிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்) போகலாம். விவரம் கேட்க 14448. அக்கா புகார் கொடுத்து இன்னிக்கு நாலாவது நாள்.