‘ஹிஞ்ச் படாத மின்ட்’ ஸ்டாம்பா? பின்பக்கம் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

அஞ்சலட்டைப் பரிமாற்றத்தில் அறிமுகமான வெளிநாட்டுக்காரர் ஒருவர், 1930களின் ஸ்டாம்புகளை ‘ஹிஞ்ச் படாத மின்ட்’ (பயன்படுத்தாதது, பின்பசையில் ஆல்பத்தில் ஒட்டிய தழும்பும் இல்லாதது) என்று சொல்லி எங்களுக்கு விற்றார். ஸ்டாம்புகள் அசல்தான், அச்சும், தாளுக்குள் இருக்கும் நீர்க்குறியான வாட்டர்மார்க்கும் சரி. பின்னால் இருந்த பசைதான் புதிது. பழையதைக் கழுவிவிட்டுத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “பழைய ஸ்டாம்பு அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. பணம் திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்தில் ஹிஞ்ச் என்ற சிறு பசைத்தாளை மடித்து ஒட்டித்தான் ஆல்பத்தில் வைப்பார்கள். அதை உரித்தால் பசையில் தழும்பு விழும். சில சமயம் தாளே பெயர்ந்து மெலிந்துவிடும். தழும்பில்லாதவை அரிது என்பதால் விலை பல மடங்கு. மறுபசை இரண்டையும் மறைத்துவிடுகிறது. தழும்போடு இருந்த நேர்மையான ஸ்டாம்பை இப்படிக் கெடுப்பதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது.

முதலில் ஸ்டாம்பின் ஓரத்துப் பல் நுனிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பசை பூசிக் காய்ந்த பிறகே தாளில் துளையிடுவார்கள். ஆகவே பிய்த்த நுனியில் நார்கள் பசை படாமல் பஞ்சாக நிற்க வேண்டும். மறுபசை பூசினால் அந்த நார்கள் பசையை உறிஞ்சி விறைத்துவிடும். 10 மடங்கு லென்ஸில் பளபளவென்று ஒட்டிக்கிடப்பது தெரியும், விரலால் மெல்லத் தடவினால் குத்தும். கைதேர்ந்தவர்கள் ஓரத்துக்குச் சற்று முன்பே பூச்சை நிறுத்திவிடுவார்கள்; வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த எல்லைக்கோடு தெரியும்.

அதே வெளியீட்டின் மலிவான மின்ட் ஸ்டாம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பசையின் நிறத்தையும் மினுமினுப்பையும் ஒப்பிடுங்கள். புறஊதா விளக்கில் புதுப்பசை பல நேரம் வேறு மாதிரி ஒளிரும். மெலிந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து, வாட்டர்மார்க் பார்க்க விற்கும் திரவத்தை விடலாம்: மெலிந்த இடம் கறுத்துத் தெரியும். இந்தத் திரவம் பசையைக் கரைக்காது, ஆனால் ஃபோட்டோகிராவூர் என்ற அச்சு முறையின் சில மைகளைக் கெடுக்கும், சில வகைகளில் தீயும் பற்றும். தண்ணீர் கூடவே கூடாது.

பசை இல்லை என்பதாலேயே ஒரு ஸ்டாம்பை ஒதுக்கவும் வேண்டாம். மக்கள் சீனம் 1950களில் வெளியிட்டவற்றில் பல பசையே இல்லாமல் வந்தவை.

வாங்கும் முன் பின்பக்கப் படம் கேளுங்கள். நேராக ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. ‘முழுப் பசை’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது மூலப் பசையா என்று எழுத்தில் கேளுங்கள். நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. உறை வந்ததும் பிரிக்கும்போதே படமெடுங்கள், ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். விலை உயர்ந்ததென்றால் நிபுணர் சான்றிதழ் அவசியம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், முடிவு வரும்வரை திருப்பி அனுப்பும் கெடுவை நீட்டித் தருவதாகப் பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.