மெஷின் 91.6 காட்டினால் போதுமா? திருகோணமலை நகைக்கடைகளின் கரட் சோதனை

திருகோணமலைக் கடைத்தெருவில் நகை வாங்கப் போகிறவர்கள் பலர் இப்போது "மெஷின்ல போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நகையில் தங்கம் எத்தனை வீதம் என்று எக்ஸ்கதிரால் அளக்கும் மெஷின் அது. சில கடைகள் வாடிக்கையாளரின் கண்முன்னே சோதித்து, அச்சடித்த தாளும் தருகின்றன. இந்தச் சேவை நல்லது, தாராளமாகக் கேட்டுப் பெறலாம். ஆனால் நகையின் எந்த இடத்தை மெஷினில் வைத்தார்கள் என்று பார்க்காமல் தாளை மட்டும் வாங்கி வந்தால் அதற்கு அரைவாசிப் பெறுமதிகூட இல்லை.

கணக்கு முதலில் தெளிவாக இருக்கட்டும். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916.7, வீதத்தில் 91.67. மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஒரு பவுண் 8 கிராம். அதில் சுத்தத் தங்கம் 22 கரட்டில் 7.33 கிராம், 21 கரட்டில் 7 கிராம், 18 கரட்டில் 6 கிராம். 22க்கு விலை கொடுத்து 21ஐ வாங்கினால் பவுணுக்கு 0.33 கிராம் கைவிட்டுப் போகிறது. 11 பவுண் தாலிக்கொடியில் அது 3.67 கிராம், கிட்டத்தட்ட அரைப் பவுண்.

மெஷின் நகையின் மேல் எக்ஸ்கதிரைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வீச, அதை அளந்து தங்கம், செம்பு, வெள்ளி, துத்தநாகம் ஒவ்வொன்றும் எத்தனை வீதம் என்று காட்டுகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நகையில் கீறலும் விழாது. குறை என்னவென்றால், தங்கத்துக்குள் அது பார்க்கும் ஆழம் ஏறத்தாழப் பத்து மைக்ரோன்தான், தலைமயிரின் பருமனில் ஏழில் ஒரு பங்கு. அதைவிடத் தடிப்பான தங்கப்பூச்சு இருந்தால் பூச்சை மட்டும் அளந்துவிட்டு 22 கரட் என்று சொல்லும். பூச்சே இல்லாத நகையிலும் சிறு வித்தியாசம் வரும். நிறம் எடுப்பதற்காக அமிலத்தில் போட்டு எடுக்கும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோகிறது. அந்த மேல்தோலை அளந்தால் உள்ளே இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

இன்னொரு ஏமாற்று, இரிடியம், ருத்தேனியம் போன்ற உலோகப் பொடிகளைக் கலப்பது. இவை தங்கத்தோடு கரையாமல் மணிமணியாக உள்ளே கிடக்கும். இரிடியத்தின் கதிர் தங்கத்தின் கதிருக்கு மிக அருகில் வருவதால், பழைய வகை மெஷின்கள் அதைத் தங்கம் என்றே எண்ணிவிடக்கூடும். ஆகவே தாளில் தங்கத்தின் வீதத்தை மட்டும் பார்க்காமல், இந்த இரண்டின் பெயரும் தனித்தனியே வந்திருக்கிறதா, எதிரே பூச்சியம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேர்மையான கடையில்கூட வித்தியாசம் வரும் இடம் ஒட்டு. சங்கிலியில் வளையத்துக்கு வளையம் பொடி, அதாவது ஒட்டுவதற்கான உலோகக் கலவை, வைத்து ஊதித்தான் ஒட்டுகிறார்கள். நகை உருகுமுன் பொடி உருக வேண்டும். அதற்காகப் பொடியில் மற்ற உலோகங்களைக் கூட்டினால் தங்கத்தின் பங்கு குறைந்துவிடும். காப்பின் உடம்பு 91.7 காட்ட, அதே காப்பின் மூட்டு அதைவிட இரண்டு மூன்று வீதம் குறைவாகக் காட்டலாம். காதுத் தோட்டின் தண்டடியில் அல்லது கொழுக்கி மூட்டில் மட்டும் கறுப்புப் படிந்தால் பெரும்பாலும் பொடிதான் காரணம். ஒட்டு அதிகமுள்ள மெல்லிய சங்கிலியையும், உள்ளே வெறுமையான காப்பையும் உருக்கிப் பார்த்தால் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறைவது இதனால்தான்.

கட்மியம் சேர்த்தால் பொடியையும் 22 கரட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். "கே.டி.எம்." என்று சொல்வது அந்த முறையைத்தான். கட்மியம் 767 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி ஊதுகுழலோடு குனிந்திருக்கும் தட்டாரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பழைய நகையில் "கே.டி.எம்." என்று அச்சு இருந்தால் அதைத் தூய்மைச் சான்றாக எடுக்க வேண்டாம், அது ஒட்டிய விதத்தை மட்டுமே சொல்கிறது.

ஆகவே கடையில் இந்த ஒழுங்கில் கேளுங்கள். முதலில் கடையிலுள்ள 24 கரட் நாணயமொன்றை மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். 99.9க்கு அருகில் காட்டாவிட்டால் அன்று அந்த மெஷின் சொல்லும் எதையும் எடுக்க முடியாது. அடுத்து நகையின் உடம்பு, பிறகு ஒரு மூட்டு, பிறகு கொழுக்கி அல்லது சுரை. 91.6க்கு மேலோ கீழோ 0.3 வீதம் போவது மெஷினின் இயல்பு. மூட்டில் மட்டும் இரண்டு மூன்று வீதம் வரை குறைந்தால் அது பொடி. உடம்பே 90க்குக் கீழே காட்டினால் அது 22 கரட் அல்ல, விலையை மாற்றச் சொல்லுங்கள். கொழுக்கியும் சுரையும் வேறு பட்டறையில் வாங்கிப் பூட்டப்பட்டவையாக இருக்கலாம் என்பதால் அவற்றைத் தவறவிட வேண்டாம். கல் வைத்த பகுதியில் அளந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

மெஷின் இல்லாத சிறு கடைகளையும் பத்தர் பட்டறைகளையும் இதற்காக ஒதுக்கத் தேவையில்லை. உரைகல்லில் நகையை ஒரு கோடும், 22 கரட் முனை வைத்த சோதனை ஊசியை அதன் பக்கத்தில் ஒரு கோடும் இழுத்து, இரண்டின் மேலும் அமிலம் தொட்டு, எது முந்தி மங்குகிறது என்று பார்க்கும் முறை இன்றும் பயனுள்ளது. முதலில் சற்று அரத்தால் ராவிவிட்டு உரைத்தால் மேற்பூச்சு அகப்பட்டுவிடும். மெஷினுக்குத் தெரியாதது இங்கே தெரியும். ஆனால் கைதேர்ந்தவராலும் அரைக் கரட் வித்தியாசத்தை உறுதியாகச் சொல்வது கடினம். 22ஐயும் 18ஐயும் பிரிக்க உரைகல் போதும், 22ஐயும் 21.5ஐயும் பிரிக்கப் போதாது. இரண்டு சோதனையும் சேர்ந்தால் மிக நல்லது. பெருந்தொகை நகையில் சந்தேகம் தீராவிட்டால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் பரிசோதனைச் சேவை இருக்கிறது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் நகைகளில் 875 என்ற அச்சை அடிக்கடி காணலாம். அது 21 கரட், போலி அல்ல. விற்கும்போது 21க்கு உரிய விலை கேளுங்கள், "இது மாற்றுக் குறைவு" என்று 18 விலைக்குக் கேட்டால் கொடுக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்த நகையில் முக்கோண முத்திரை, 22கே916, ஆறு இலக்க எழுத்தெண் குறி மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறி அங்கே 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ்.இன் "பி.ஐ.எஸ். கெயார்" செயலியில் குறியைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். செயலி "மோதிரம்" என்று காட்ட, கையில் சங்கிலி இருந்தால் அந்த முத்திரையை நம்ப வேண்டாம்.

பில்லில் கரட், கல் நீக்கிய நிறை, கல்லின் நிறை, கூலி, சேதாரம் ஐந்தும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "தங்க நகை 1" என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காதீர்கள். அட்டியல், பதக்கத்தின் உள்ளே அரக்கு இருந்தால் அதன் நிறையையும் கழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அரக்குக்கும் தங்க விலைதான். சோதனைத் தாளைப் பில்லோடு இணைத்துக் கடை முத்திரை போடச் சொல்லுங்கள். பின்னர் வங்கி அடகுப் பிரிவில் கரட் குறைத்து மதித்தால் கடைக்காரரோடு பேச இருக்கும் ஆதாரம் அதுதான். பேச்சு எடுபடாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம், கையில் பில்லும் தாளும் இருக்க வேண்டும்.