வீனஸா, மொனேட்டாவா?

கி.மு. 211 வாக்கில் ரோமானியர் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசை அச்சடிக்கத் தொடங்கினார்கள். முகப்பில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. பின்புறம் குதிரையேறிய இரட்டைத் தெய்வங்கள். ஊருக்கே பொதுவான காவல் தெய்வங்கள் இவர்கள். நூற்றறுபது ஆண்டுகள் கடந்தபின் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு காசுகளில் தெய்வம் யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, ஜூலியஸ் சீசர் கி.மு. 47–46இல் வெளியிட்டது. முகப்பில் காதல் தேவி வீனஸ். பின்புறம், எரியும் டிராய் நகரை விட்டு வெளியேறும் ஈனியஸ், முதிய தந்தையைத் தோளில் சுமந்து நடக்கிறான். வீனஸின் மகன் ஈனியஸ். அவன் வழிவந்தது தன் குலம் என்று சீசர் சொல்லிக்கொண்டார். காசில் வீனஸின் பெயர் இல்லை, சீசரின் பெயர்தான் இருக்கிறது. தந்தையைச் சுமக்கும் அந்த உருவத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் தேவி ஒரு குடும்பத்தின் பாட்டியாகிவிட்டாள்.

இரண்டாவது, நாணய அதிகாரி டைட்டஸ் கரிசியஸ் கி.மு. 46இல் அடித்தது. என் மனம் இதன் பக்கம்தான். முகப்பில் ஜூனோ மொனேட்டா தேவி, பெயரோடு. கேபிடல் குன்றில் அவள் கோயிலை ஒட்டித்தான் ரோமின் காசு அடிக்கும் அக்கசாலை இயங்கியது. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் ‘மணி’ என்ற சொல்லே அவள் பெயரிலிருந்து பிறந்தது. பின்புறத்தைத் திருப்பினால் குறடு, சுத்தியல், பட்டடை! காசு தன்னை உருவாக்கிய கருவிகளையே காட்டுகிறது. வெள்ளி வில்லையை அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்த கைகளுக்குப் பெயர் இல்லை; ஆனாலும் அவர்களின் தொழில் தேவியின் மறுபக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. இப்படியொரு மரியாதையைச் சீசரின் காசில் காண முடியாது.

எடையில் இரண்டும் ஏறக்குறைய 3.9 கிராம்தான்.

கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்த, ரோமப் பேரரசர் டைபீரியஸின் காசு வேறு வழியில் போகிறது. முகப்பில் பேரரசரே வந்துவிட்டார். பின்புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கிறாள் ஒரு பெண். அவள் அமைதியின் தேவி பாக்ஸ் என்பாரும் உண்டு, பேரரசரின் தாய் லிவியா என்பாரும் உண்டு. மொனேட்டாவுக்குக் கிடைத்த பெயர் எழுத்து அவளுக்குக் கிடைக்கவில்லை.