டாங்கி வீரரின் பணிப் பதிவேட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் உஷார்

முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்த முன்னோரின் பணிப் பதிவேட்டை ‘முழுதாக எடுத்துத் தருகிறோம்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் 220 பவுண்ட் போயிற்று. பணம்கூடப் பரவாயில்லை. வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டுவந்து என் மாமியாரின் தாத்தா தலையில் கட்டிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

என் கணவர் இங்கிலாந்துக்காரர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் உலகிலேயே முதன்முறையாக டாங்கிகள் சண்டைக்குப் போயின. அவற்றில் ஒன்றில் தாத்தா இருந்தார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. கையில் இருப்பது இரண்டு பதக்கங்கள் மட்டும். எண்பதை நெருங்கும் மாமியாருக்கு, தாத்தாவைப் பற்றி எழுத்தில் ஏதாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ராணுவக் குடும்ப வரலாற்று ஆய்வாளர் என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 140 பவுண்ட் கட்டினார். கொஞ்ச நாள் கழித்து, பாதுகாப்பு அமைச்சகத்தில் கோப்பு இருக்கிறது, அதை வெளியே எடுக்கக் கட்டணம் வேண்டும் என்று இன்னும் 80 வாங்கிக்கொண்டார். அப்புறம் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் தபாலில் வந்தது. மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

எனக்கு முதல் பக்கமே இடித்தது. ‘1916 ஜூனில் டாங்கிப் படையில் சேர்ந்தார்’ என்று இருந்தது. அப்போது அந்தப் பெயரில் ஒரு படையே கிடையாது. விஷயம் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இயந்திரத் துப்பாக்கிப் படையின் கனரகப் பிரிவு என்றுதான் அழைத்தார்கள். டாங்கிப் படை தனிப்படையாக ஆனது 1917 ஜூலை 28இல். அடுத்த பக்கத்தில் ‘அவர் ஓட்டிய டாங்கி, 1916’ என்று ஒரு புகைப்படம். அதன் கூரைமேல் நீளமான ஒரு மரக்கட்டை. சேற்றில் புதைந்தால் மேலேறி வருவதற்கான அந்தக் கட்டை 1917இல் வந்தது. போதாததற்கு, அவரை டி17 டாங்கியில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டூவர்ட் ஹேஸ்டியின் தலைமையில் ஃபிளேர்ஸ் ஊருக்குள் புகுந்த, அன்றைக்குச் செய்தித்தாள்களெல்லாம் கொண்டாடிய டாங்கி அது. இப்படிப் புத்தகம் தயாரிப்பவர்களுக்குப் புகழ்பெற்ற டாங்கிதான் வசதி.

பதிவேடு என்று கொடுத்திருந்தது சில ஸ்கேன் பக்கங்கள். எல்லாவற்றிலும் மேல் ஓரம் நறுக்கப்பட்டிருந்தது. வீரரை அடையாளம் காட்டும் படை எண் எழுதியிருக்கும் இடமே அதுதான். உள்ளே படித்தால், இந்த மனிதர் 1915இலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். அப்படிப் போனவருக்கு 1914-15 ஸ்டார் என்ற பதக்கமும் சேர்த்து மூன்று இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டுதான். மனைவி பெயரும் வேறு. அதே பெயர் கொண்ட வேறொரு காலாட்படை வீரரின் ஓய்வூதியத் தாள்கள் அவை. பாவம், அவருக்கும் பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

இந்த ஏமாற்று ஏன் எளிதாக நடக்கிறது என்றால், உண்மையான பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த ராணுவக் கிடங்கின்மேல் குண்டு விழுந்து, முதல் போரின் சிப்பாய்ப் பதிவேடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிந்துபோயிற்று. மிஞ்சியவை, ஓரம் கருகி நீரில் ஊறிய தாள்கள், கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 363 என்ற வரிசையில் இருக்கின்றன. எங்கள் தாத்தா 1919இல் வீடு திரும்பியவர். அப்படிப்பட்டவரின் கோப்பு அந்தக் கிடங்கில்தான் இருந்திருக்கும். அமைச்சகத்தில் இருக்கிறது என்று வாங்கிய 80 பவுண்ட் பச்சைப் பொய். நேர்மையான ஆய்வாளராக இருந்தால் முதல் நாளே இந்தத் தீயைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

சரி, பிறகு நாங்களே தேடினோம். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் ‘எம்2’ என்று தொடங்கும் எண், பின்னால் ஏ.எஸ்.சி. அதாவது ராணுவ வழங்கல் படையின் மோட்டார் வண்டிப் பிரிவு! முதல் டாங்கிகளின் ஓட்டுநர்களில் பலர் அந்தப் படையின் 711ஆம் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். இதை அறிந்த எவரும் தேடலை அங்கேதான் தொடங்குவார்கள். எந்த வீரருக்கு என்ன பதக்கம் என்று ராணுவம் குறித்துவைத்த பதக்க அட்டையில் இரண்டு வரிகள் இருந்தன: முதலில் ஏ.எஸ்.சி. எண், கீழே டாங்கிப் படையும் இரண்டு லட்சத்தில் தொடங்கும் ஆறிலக்க எண்ணும். 1918இன் வெளியூர் வாக்காளர் பட்டியலிலும், அதாவது படைப் பணி போன்றவற்றால் வீட்டில் இல்லாத வாக்காளர்களின் பட்டியலிலும், அதே எண், பக்கத்திலேயே மாமியாரின் பாட்டி வாழ்ந்த வீட்டு முகவரி. மாமியார் சிறுமியாக விளையாடிய தெரு அது. இந்தப் பட்டியல்களை உள்ளூர் ஆவணக் காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது. செப்டம்பர் 15 அன்று அவர் எந்த டாங்கியை ஓட்டினார் என்பதற்குத் தாள் எதுவும் கிடைக்கவில்லை. அதையும் மாமியாரிடம் அப்படியே சொன்னேன்.

யாரிடமாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் கேளுங்கள்: எந்தெந்த ஆவண வரிசையில் தேடுவீர்கள், ஒவ்வொரு தாளுக்கும் குறிப்பு எண் தருவீர்களா, பக்கத்தை நறுக்காமல் முழுதாகத் தருவீர்களா, கிடைக்காவிட்டால் எழுத்தில் சொல்வீர்களா. பதக்கம் வீட்டில் இருக்கிறதா, விளிம்பில் என்ன இருக்கிறது என்று அவரே கேட்க வேண்டும். எங்கள் ஆள் கேட்கவே இல்லை. டார்செட்டில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அந்த ஆளுக்கு எல்லாவற்றையும் பட்டியலிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘பழைய ஆவணங்களில் முரண்பாடுகள் சகஜம்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. கார்டில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்தோம். அமைச்சகக் கட்டணம் என்று வாங்கிய 80 திரும்ப வந்துவிட்டது. மீதி 140க்கு இன்னும் வழக்கு ஓடுகிறது.