சாவியைத் திருப்பாத காலைகள்: கிராண்ட் கேன்யனில் ஆறு வருட ஆர்வி வாசம்

2019 தொடக்கத்தில் ஒரு பழைய ஆர்வி வாங்கினோம், அதாவது உள்ளேயே சமைத்து, குளித்து, தூங்கும் வீட்டு வண்டி. கிளாஸ் சி வகை, 25 அடி நீளம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கட்டி இழுத்துவரத் தனிக் கார் கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவதில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

வீடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸில். அதனால் எங்களுக்கு வாய்த்தது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா, அந்தப் பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு. சுமார் 230 மைல். ஐ-17 நெடுஞ்சாலை ஏற்றத்தில் ‘ஏசியை அணையுங்கள்’ என்று வைத்திருக்கும் பலகையை மதித்து ஓட்டினால் ஐந்து மணி நேரம் ஆகும். இதுவரை பதினான்கு முறை போய்விட்டோம். ஆர்வி வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பூங்காவுக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

முதல் பயணம் ஜூன் மாதம். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். உள்ளே இடம் கிடைக்கவில்லை. தெற்கு வாசலுக்கு வெளியே கைபாப் தேசியக் காடு இருக்கிறது. அங்கே அனுமதிக்கப்பட்ட மண்சாலை ஓரங்களில் பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கலாம். வாசல் ஐந்தாறு மைல்தான், பைன் மரம், நிசப்தம், இனாம். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

காலையில் தெரிந்தது. கேன்யனைப் பார்க்க வேண்டும் என்றால் வீடே கிளம்ப வேண்டும். கழுவாத பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்து, குக்கரை சிங்க்குக்குள் உட்காரவைத்து, கூரை ஜன்னல்களை மூடி, கேஸை அடைத்து, சமதளத்துக்காகச் சக்கரத்தின் கீழ் வைத்த கட்டைகளை எடுத்து, பிள்ளைகளுக்கு பெல்ட் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம். பத்தரைக்கு விசிட்டர் சென்டர் போனால் ஆர்வி நிறுத்தும் நீள இடமெல்லாம் நிரம்பிக் கிடந்தது. வேறு பார்க்கிங் தேடி இன்னொரு அரை மணி. சாயங்காலம் காட்டுக்குத் திரும்பினால் எங்கள் இடத்தில் வேறொருவரின் டிரெய்லர். இடம் பிடிக்க நாங்கள் விட்டுப்போன இரண்டு நாற்காலியையும் பாயையும் மரியாதையாக ஒரு மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். சண்டை போடவும் வழியில்லை, அது யாருடைய இடமும் இல்லை.

மூன்றாம் நாள் நான் கட்டைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது அப்பா காபி டம்ளரோடு வந்து நின்றார். “ஏம்ப்பா, நத்தைகூட ஒரு இடத்துல உட்கார்ந்து இலையைத் தின்னும். நாம எழுந்ததும் வீட்டைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறோமே.”

“பக்கத்துலதான்ப்பா, ஆறு மைல்.”

“மைலை விடு. வண்டியைக் கிளப்பாம போக முடியுமா முடியாதா?”

அதற்குப் பிறகு இடம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு அளவுகோல் அதுதான்.

அடுத்த முறை பூங்காவுக்குள்ளே இருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்டில் ஆறு மாதம் முன்பே பதிந்தோம். அங்கே 30 அடிக்கு மேல் வண்டி நுழையாது. எங்களுடையது 25 அடிதான் என்பது அன்றுதான் வரமாகத் தோன்றியது. கேம்ப்கிரவுண்டுக்கே நீலத் தட ஷட்டில் பஸ் வருகிறது, பூங்காவுக்குள் எல்லா ஷட்டிலும் இலவசம். விளிம்போரம் போகும் ஹெர்மிட் சாலைக்கு மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காரே விடமாட்டார்கள், யாராக இருந்தாலும் சிவப்புத் தட பஸ்தான். நான்கு நாள் சாவி கொக்கியிலேயே தொங்கியது. மதியம் பஸ் ஏறி வந்து ரசம் சாதம் சாப்பிட்டு, பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு, சூரியன் மறையும் நேரத்துக்கு மறுபடி விளிம்புக்குப் போனோம். ஆர்வி வாங்கியதற்கு இதுதான் காரணம் என்று மனைவி அன்று ஒப்புக்கொண்டாள்.

ஆனால் மேதரில் ஹுக்கப் எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் இல்லை. இதில்தான் அடி வாங்கினோம். தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். ஃபீனிக்ஸ் ஆட்களுக்கு அக்டோபர் என்றால் இன்னும் கோடை மாதிரி, அங்கே இரவில் உறைகிறது. ஹீட்டர் ஓடுவது கேஸில்தான், ஆனால் வெப்பக் காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில். வண்டியோடு வந்த பழைய லெட்-ஆசிட் பேட்டரி விடியற்காலை ஐந்து மணிக்கு உயிரை விட்டது. ஜெனரேட்டர் போடலாம் என்றால் காலை 7 முதல் 9, மாலை 6 முதல் 8 மட்டுமே அனுமதி. இரண்டு மணி நேரம் நான்கு பேரும் ஒரே படுக்கையில், இருந்த கம்பளி எல்லாம் மேலே. ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி போட்டது. வண்டிக்கு நான் செய்த செலவில் வருத்தமே இல்லாத ஒன்று அது. கூரை மேல் போட்ட சோலார் பேனல் வருத்தம் தரும் வகை. மேதரில் பாதி இடங்கள் பொண்டரோசா பைன் நிழலில் இருக்கின்றன. ஜெனரேட்டருக்கும் அந்த உயரத்தில் மூச்சு வாங்குகிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு திறன் குறைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்திலும் எதிர்பாராத பாடம் ஒன்று. எங்கள் நல்ல தண்ணீர் டேங்க் 40 கேலன், ஏறக்குறைய 150 லிட்டர். அது தீரும் என்றுதான் பயந்தோம். முதலில் நிரம்பியது சிங்க், குளியல் தண்ணீர் போகும் டேங்க். குழம்புச் சட்டியைப் பேப்பரால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். குளிக்கப் பக்கத்திலேயே காசு போடும் ஷவர் இருக்கிறது. கிளம்பும்போது காலி செய்ய டம்ப் ஸ்டேஷனும் உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும், குக்கரிலும் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ். பூங்காவுக்குள் முழு ஹுக்கப் உள்ள இடம் அது ஒன்றுதான். 50 அடி வண்டியும் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். அங்கேயும் பஸ் நிற்கிறது. ஒரு இரவுக் காசு மேதரைவிட நிறைய அதிகம், அழகும் குறைவு. மரம் வைத்த பார்க்கிங் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் டிசம்பரிலும், தூங்கும்போது மூச்சுக் கருவி தேவைப்படும் அப்பா கூட இருக்கும்போதும் யோசிக்காமல் அங்கேதான் போடுவேன். ஒரு ராத்திரி தண்ணீர் ஹோஸைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். காலையில் உள்ளே முழுக்கப் பனிக்கட்டி, வளைத்தால் கரும்பு மாதிரி முறிந்தது. அழகு குறைவு என்று எல்க் மான்கள் நினைப்பதில்லை, ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். தண்ணீர் நிரப்பும் குழாயின் விசையை மூக்கால் தள்ளிக் குடிக்க இங்குள்ள எல்க்குகள் கற்றுக்கொண்டுவிட்டன என்று பூங்காக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கிழக்கே 25 மைல் தள்ளி டெசர்ட் வியூ. கேம்ப்கிரவுண்டுகளில் மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதுதான். மேரி கோல்டர் வடிவமைத்து 1932இல் கட்டிய காவல் கோபுரத்துக்குச் சாயங்காலம் நடந்தே போகலாம், கூட்டம் கரைந்த பிறகு கீழே கொலராடோ ஆறு தெரியும். ஆனால் அங்கே ஷட்டில் வராது. இரண்டு நாள் எங்கும் போகாமல் அங்கேயே கிடக்கத் தயார் என்றால் மட்டும் போங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கும் துசயான் ஊரில் தங்கினால் சீசனில் ஊதாத் தட பஸ் இருக்கிறது. ஏறும்முன் நுழைவு பாஸ் கையில் இருக்க வேண்டும். பஸ் ஓடாத மாதங்களில் துசயானுக்கும் என் இலவசக் காட்டுக்கும் வித்தியாசமில்லை.

இதற்கெல்லாம் நேர்மாறாகத் தோன்றும் ஓர் இடம் வில்லியம்ஸ். பூங்காவிலிருந்து 60 மைல். மாமனார் மாமியார் வந்தபோது மற்ற எங்கும் இடமில்லாமல் வேண்டாவெறுப்பாகத்தான் அங்கே போனோம். ஆனால் வில்லியம்ஸில் ரயில் நிலையம் பக்கத்திலேயே ஆர்வி பார்க் இருக்கிறது. 1901இல் கேன்யனுக்குப் போட்ட அதே ரயில் பாதையில் இரண்டேகால் மணி நேரம், இறங்கினால் விளிம்பு நடக்கும் தூரம். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, “இது நல்லாயிருக்கு மாப்பிள்ளை, ஊருக்குப் போற மாதிரி” என்றார். டிக்கெட் விலை அதிகம், விளிம்பில் கிடைப்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனாலும் அறுபது மைல் தள்ளி நின்ற அந்த வண்டி, ஆறு மைலில் நின்றதைவிட எங்களுக்குப் பக்கமாக இருந்தது.

எங்கே தங்கினாலும் டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்பதை 2024 சொல்லிக்கொடுத்தது. தெற்கு விளிம்புக்கான தண்ணீர் பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து பன்னிரண்டரை மைல் குழாயில் வருகிறது, 1960களில் போட்ட குழாய். 2010க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. அந்த ஆகஸ்ட் கடைசியில், லேபர் டே விடுமுறைக்குச் சரியாக முன்னால், பல இடங்களில் உடைந்தது. பூங்காவுக்குள் ஹோட்டல்களில் தங்குவதை நிறுத்திவிட்டார்கள். மேதரில் குழாய்களை மூடினாலும் தங்க விட்டார்கள், விறகு நெருப்புக்கு மட்டும் தடை. ஃபிளாக்ஸ்டாஃபில் நிரப்பியிருந்த 40 கேலனோடு மூன்று நாள் ஓட்டினோம். பாதி காலியான பூங்காவில், விடுமுறை நாளில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கில் போய்விடலாம், அவர்களுக்குக் காடு சொர்க்கம். என்னோடு வேலை செய்பவர் ஒருவர் கைபாப் காட்டைத் தவிர வேறெங்கும் தங்கியதில்லை, என் புலம்பல் அவருக்குப் புரிவதுமில்லை.

வேறு பூங்காக்களிலும் இதே அளவுகோலைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சயானில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஷட்டில் ஓடுகிறது. வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டிலிருந்து பஸ் நிறுத்தம் நடை தூரம், சில இடங்களில் மின்சாரமும் உண்டு. அங்கே வாதமே இல்லை. எல்லோஸ்டோனில்தான் கணக்கு உதைத்தது. உள்ளே ஷட்டில் கிடையாது, பெரிய வட்டச் சாலை மட்டும் 142 மைல், நடுவில் காட்டெருமை படுத்துக்கொண்டால் அதன் இஷ்டம். எப்படியும் தினமும் வண்டி கிளம்பத்தான் வேண்டும் என்பதால், ஒரே இடத்தில் ஐந்து இரவு போடாமல் மேடிசனில் மூன்று, ஃபிஷிங் பிரிட்ஜில் இரண்டு என்று பிரித்தோம். ஃபிஷிங் பிரிட்ஜில் முழு ஹுக்கப் உண்டு. கரடி நடமாட்டத்தால் துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. இன்னொரு பூங்காவின் வாசலில் ஒரு தனியார் ஆர்வி பார்க்கில் ‘பூங்காவுக்கு மிக அருகில்’ என்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்தோம். அருகில்தான், ஆனால் பஸ் இல்லை, நடக்க ஓரமும் இல்லாத நெடுஞ்சாலை. பக்கத்து வண்டிக்காரரின் கழிவுக் குழாய் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நான்கடியில் ஓடியது.

வரும் அக்டோபருக்கு மறுபடி மேதர், நான்கு இரவு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நிழல் குறைவாகத் தெரிந்த ஓர் இடமாகப் பிடித்திருக்கிறேன். சோலாருக்கு இது கடைசி வாய்ப்பு.